மச்சாளின் வாயில் நுழையாத பெயர்

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். ஆட்டைத் திவசத்துக்கு வந்து, பாயில் குந்தியிருந்து, இந்தக் கோடு போட்ட கொப்பித்தாள் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் இனசனத்துக்கும் அயலட்டைக்கும் அக்காவின் ஒரே தம்பியின் வணக்கம். தடை போட்ட பிறகு வெள்ளைத் தாள் யாழ்ப்பாணத்துக்கு வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அச்சுக்காரர் அடித்துத் தந்தார். எழுத்து கோட்டில் நிற்காவிட்டால் அவரைக் குறை சொல்லாதீர்கள். நான் எழுதப் போவதும் கோட்டுக்குள் நிற்காது.

போனவரை உறவுமுறை சொல்லி மட்டும் எழுதுவதுதான் மரியாதை. நானும் அக்கா என்றே எழுதுவேன். ஆனால் பெயரைச் சொல்லாமல் அக்காவின் கதையைச் சொல்ல முடியாது. அக்காவின் சீவியம் முழுவதும் அந்தப் பெயரைச் சுற்றித்தான் நடந்தது. ஆகவே ஐயா வைத்த பெயரை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஞாழல். ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஞா. மழையில் வரும் ழ. பிள்ளைகுட்டிகளோடு வந்திருப்பவர்கள் இந்த இடத்தில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு மேலே வாசியுங்கள். மச்சாளுக்குக் கேட்கும்படி சொன்னால் எனக்கு இன்னும் சந்தோஷம். மச்சாள் யாரென்பதற்குப் பிறகு வருகிறேன்.

வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் கொஞ்ச நேரத்தில் வந்துவிடக்கூடிய இந்த ஊரில், இப்போது நான் குடியிருக்கும் இதே வளவில் அக்கா பிறந்தார். உத்தரட்டாதி நட்சத்திரம். சாத்திரியார் ஞகரத்தில் பெயர் வைக்கச் சொன்னார். ஞகரம் என்றதும் ஊர் முழுக்க ஞானாம்பிகை என்றது. தபால் கந்தோரில் வேலை செய்த எங்கள் ஐயா மட்டும் சம்மதிக்கவில்லை.

"எங்கடை ஒழுங்கையிலை மட்டும் எத்தினை ஞானம் இருக்கு? கூப்பிட்டால் ஆர் வாறது?" என்றாராம்.

பழைய புத்தகங்களைப் புரட்டி, கடற்கரை மணலில் நின்று சின்னச் சின்னதாய் மஞ்சள் பூக்கும் மரமொன்றின் பெயரைக் கண்டுபிடித்துச் சூட்டினார். அப்படியொரு மரத்தை ஐயாவும் கண்டதில்லை, நாங்களும் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பொடியன் அக்காவை நாவல்பழம் என்று கூப்பிட்டான். அவனுடைய புத்தகப் பையை அக்கா பள்ளிக்கூடக் கிணற்றுக்குள் போட்டார். அந்தப் பொடியன் இன்று பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கிறார். கை தூக்க வேண்டாம் அண்ணை, ஆரென்று எல்லாருக்கும் தெரியும்.

அக்காவைப் பொறுமையின் சிகரம் என்று எழுதச் சொல்லி ஒன்றிரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். அக்காவிடம் பொறுமை இருந்ததில்லை. ஞாபகம் இருந்தது. ஒன்றையும் மறக்கமாட்டார். அதை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பொறுமை மாதிரித் தெரிந்திருக்கலாம்.

இனி மச்சாள். அத்தானின் மூத்த அக்கா. தாய் இளவயதில் போய்விட, அத்தானை வளர்த்தெடுத்தவர் அவர். அதை நான் மறுக்கவில்லை. அவர் கொழும்பில் கலியாணம் செய்து அங்கேயே இருந்தார். அக்காவின் கலியாணத்துக்கு வந்தவர், பெண்ணின் பெயரைக் கேட்டதும் சபையில் வைத்தே சொன்னார்:

"உதென்ன பேர்? வாயிலை நுழையுதே? நாக்கெல்லோ சுளுக்கும். நான் சாந்தி எண்டு கூப்பிடப்போறன்."

சபை சிரித்தது. அத்தானும் சிரித்தார். அன்றிலிருந்து அத்தானுக்கும் அக்கா சாந்தியானார். பிறகு எல்லாப் புருஷன்மாரையும் போல இஞ்சாருமப்பா ஆனார். மச்சாள் வருஷத்துக்கொருக்கால் வந்து, சாந்தி தேத்தண்ணி, சாந்தி வெந்நீர் என்று கூப்பிட்டு, நல்லெண்ணெயும் முருங்கைக்காயும் கட்டிக்கொண்டு கொழும்புக்குக் கோச்சி ஏறிவிடுவார். அக்கா வாய் திறக்கவில்லை. நான்தான் சொன்னேனே, ஞாபகம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் கொழும்பில் என்ன நடந்தது என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. மச்சாளின் வீடு எரிந்தது. அதற்கு முந்தியே அவருடைய புருஷன் காலமாகிவிட்டார். அகதிகளோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். நானும் அத்தானும் காரொன்று பிடித்துக்கொண்டு போனோம். உடுத்த சீலையோடும் ஒரு கைப்பையோடும் வந்த மனுசியைக் கண்டு அத்தான் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அன்றைக்கு அழுததற்காக நான் வெட்கப்படவில்லை. பிறகு நடந்ததற்காக அழுகையைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

அக்கா மச்சாளுக்கு முன்னறையைக் கொடுத்தார். தன் நல்ல சீலைகளைக் கொடுத்தார். கொஞ்ச நாள் எல்லாம் சரியாக நடந்தது. ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த வேறு ஆட்கள் மச்சாளைப் பார்க்க வந்திருந்தார்கள். நானும் இருந்தேன். மச்சாள் கதிரையில் சாய்ந்துகொண்டு, "எனக்கென்ன குறை, இது என்ரை தம்பியின்ரை வீடு" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "சாந்தி, தேத்தண்ணி கொண்டுவாரும்" என்றார்.

அக்கா குசினிக்குள்ளிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மச்சாள், இது எனக்கு ஐயா சீதனமாய்த் தந்த வீடு. வீட்டு உறுதிப் பத்திரத்திலை சாந்தி எண்டு ஒருத்தியும் இல்லை. அவவிட்டைத் தேத்தண்ணி கேட்டால், அவ எங்கையிருக்கிறா எண்டும் நீங்கள்தான் சொல்லோணும்."

வந்தவர்கள் தேத்தண்ணி இல்லாமலே போனார்கள். அன்றிலிருந்து சாந்தி என்று கூப்பிட்டால் அக்காவுக்குக் காது கேட்காது. சோறு போட்டார், கறி போட்டார், காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். ஒன்றிலும் குறைவில்லை. கூப்பிட்டால் மட்டும் திரும்பமாட்டார். பெயரைச் சொன்னால் திரும்புவார். மச்சாள் சொல்லவில்லை. இருமிப் பார்த்தார். தேத்தண்ணி குடிக்கும் மூக்குப்பேணியைத் தட்டிப் பார்த்தார். "உங்கை ஆர் நிக்கிறது?" என்று சுவரைக் கேட்டார். காலைத் தேத்தண்ணிக்கு நான் போனால் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"தம்பி, உம்மடை அக்காவை ஒருக்கால் கூப்பிடும்."

நான் குசினிக்குள் போய், "அக்கா, மச்சாள் கூப்பிடுறா" என்பேன்.

"ஆரையாம்?"

திரும்பி வந்து, "ஆரை எண்டு கேக்கிறா மச்சாள்" என்பேன்.

"எனக்கு அந்தப் பேர் வராது எண்டு தெரியுந்தானே தம்பி. என்ரை நாக்கு அப்பிடி."

நானும் நம்பினேன். கொழும்பில் கனகாலம் இருந்த நாக்கு, பாவம், தடித்துப் போயிருக்கும் என்று ஊரும் நம்பியது. இதை நீங்கள் கவனத்தில் வைத்திருக்க வேண்டும்.

அக்காவுக்குப் பிள்ளைகள் வாய்க்கவில்லை. தையல் மெசின் ஒன்று இருந்தது. சட்டை தைக்க வரும் பெண்கள் அளவு கொடுத்துக்கொண்டு இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். முன்வீட்டு மருமகள் ஒவ்வொரு நாளும் வருவார். அவருக்குத் தைக்க அவ்வளவு துணி இருக்கவில்லை. அவருடைய மாமியாரும் ஒரு மாதிரியான ஆள். எண்பத்து நான்கில் முன்வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. மருமகள் பெயர் வைத்தார்: ஞாழல். மாமியார் பேத்தியைத் தூக்கவேண்டுமென்றால் பெயரைச் சொல்லித்தானே கொஞ்சவேண்டும்?

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் நடந்ததை வேறெந்த ஊரிலும் நான் கேள்விப்படவில்லை. மாமியோடு கொதியிருந்த மருமக்கள் எல்லாரும் பெண்பிள்ளை பிறந்தால் அந்தப் பெயரையே வைத்தார்கள். அழகுக்கு வைத்த பெயரில்லை, பழிக்கு வைத்த பெயர். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவுக்கு அக்காவைக் கூப்பிட்டு நடுவில் இருத்துவார்கள். அக்கா மாமியாரைப் பிடித்துக்கொள்வார்.

"எங்கை, சொல்லுங்கோ பாப்பம்."

"நாளல்."

"நாளும் இல்லைக் கிழமையும் இல்லை. மூக்காலை கொஞ்சம் வரவேணும். ஞா."

"ஞா."

"இப்ப நாக்கை மேலை மடியுங்கோ. மழை பெய்யுது எண்டு சொல்லுவியளெல்லே, அந்த ழ."

"எனக்குப் பல் இல்லைப் பிள்ளை."

"பல்லுக்கு இதிலை வேலையில்லை மாமி. திரும்பச் சொல்லுங்கோ."

மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பார். எல்லாரும் சொல்லிப் பழகினார்கள். பல்லில்லாதவர்களும் சொன்னார்கள். ஒழுங்கையில் நின்று ஞாழல் என்று கூப்பிட்டால் இப்போது பல வீட்டுப் படலைகள் திறக்கும். ஐயா பயந்தது எதுவோ அதுவே நடந்துவிட்டது. மச்சாள் மட்டும் சொல்லவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு. குண்டு போடும் பொம்மர் வரத் தொடங்கிவிட்டது. அக்கா வீட்டு வளவுக்குள் தென்னங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிப் பங்கர் வெட்டியிருந்தோம். வெட்டியது நானும் அத்தானும். அதில் முதலில் இறங்குவதற்கான உரிமை எனக்கு உண்டு என்று நான் மனதுக்குள் தீர்மானித்து வைத்திருந்தேன். ஒரு பின்னேரம் அத்தான் பட்டணத்துக்குப் போயிருந்தார். நான் அக்கா வீட்டில் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் எழும்பினேன். கலியாண வீடுகளில் நான் பகிடி விட்டுச் சபையைச் சிரிக்க வைப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நான் ஓடிய ஓட்டத்தைக் கண்டிருந்தால் சபை செத்திருக்கும். வாயில் பணியாரம், கையில் பணியாரம். படியால் இறங்கவில்லை, தலைகீழாய் விழுந்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாரம் தென்னங்குற்றியில் கொளுவி மேலேயே நின்றுவிட்டது. நான் மட்டும் கீழே, மச்சாளின் மடியில். மச்சாள் எனக்கு முந்தியே வந்திருந்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா இல்லை. கிணற்றடிக்கு அந்தப் பக்கம் கோழிக்கூட்டைத் திறந்துகொண்டு நின்றார். கோழிகளை விடாமல் வரமாட்டார் போல. பொம்மர் ஒருக்கால் சுற்றித் தாழப் பதிந்தது.

மச்சாள் கத்தினார்: "சாந்தி! ஓடிவா சாந்தி!"

அக்கா திரும்பவில்லை. வழமை போல.

நான் கத்த வாயைத் திறந்தேன். உலகத்தில் அந்தப் பெயரை மிகவும் திருத்தமாகச் சொல்லக்கூடிய ஆள் நான். தொட்டில் காலத்திலிருந்து சொன்னவன். வந்தது ஞா. பிறகும் ஞா. பயத்தில் நாக்கு மடியவில்லை, மேலே போகவில்லை, பணியாரம் வேறு நடுவில் நின்றது. ஞா, ஞா, ஞா. மச்சாளின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"மச்சாள், நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ! கும்பிடுறன்! பேரைச் சொன்னால் வருவா!"

மச்சாள் என்னைப் பார்த்தார்.

"எனக்கு வராது தம்பி."

குண்டு விழுந்தது எங்கள் வளவில் அல்ல, பின்னால் வயற்கரையில். ஆனாலும் கூரை ஓடுகள் பறந்தன. புழுதி அடங்கிய பிறகு அக்கா நடந்து வந்து பங்கர் வாசலில் குனிந்தார். தலையெல்லாம் மண். இடக்காதால் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

"ஆரோ ஞா ஞா எண்டு கத்தினது. பூனைக்குட்டி உள்ளுக்கை விழுந்திட்டுது எண்டு நினைச்சன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "முதலிலை சாரத்தை எடுத்துக் கட்டடா" என்றார்.

இந்தப் பூனைக்குட்டிக் கதையைச் சொல்லிச் சொல்லி அக்கா சாகும்வரை என்னைக் கேலி பண்ணினார். நானும் சொல்லிச் சிரித்தேன். அந்த இடக்காது பிறகு கேட்கவேயில்லை. இப்போது அதற்கு நான் சிரிப்பதில்லை.

போன வருடம் அக்காவுக்கு இருதயம் பலவீனமானது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வேண்டிய மருந்து கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள். பாதை பூட்டிக் கிடக்கிற இந்த நாளில் கொழும்பிலிருந்து எது வருகிறது? அத்தான் கட்டிலின் வலப்பக்கம் வாங்குப் பலகையில் இருந்தார். ஒருநாள் குனிந்து, அந்த வலக்காதுக்குள் பெயரைச் சொன்னார். கலியாணம் முடித்த நாளிலிருந்து முதல் தடவை.

அக்கா கண்ணைத் திறந்து, "ஆரையப்பா கூப்பிடுறியள்?" என்றார்.

"உம்மைத்தான்."

"இன்னொருக்கால் சொல்லுங்கோ."

அத்தான் சொன்னார். நான் சன்னலுக்கு வெளியே ஏதோ பார்க்க இருப்பதுபோல எழும்பிப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். ஏதோ கடைசி ஆசை சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். சொன்னார்தான்.

"கல்வெட்டுப் புத்தகம் அடிப்பியள்தானே? மச்சாளுக்கும் ஒரு புலம்பல் வையடா. வேறை ஆரும் வாசிக்கக் கூடாது. அவதான் வாசிக்கவேணும். நான் கேக்கமாட்டன். ஊர் கேக்கட்டும்."

அதைச் சொல்லிவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். அவருடைய சிரிப்பை நான் கேட்டது அதுதான் கடைசி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று உறவுக்கொரு பாட்டு அடித்து, சபையில் வாசிப்பது எங்கள் வழக்கம். நல்ல குரலுள்ள ஒருவர் எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிடுவார். நான் ஊர்ப் புலவரிடம் போய், மைத்துனி புலம்பலில் ஒவ்வொரு பாட்டும் அக்காவின் பெயரில் முடியவேண்டும் என்றேன். "யாப்பு இடிக்கும்" என்றார். "இடிக்கட்டும், அதுதான் தேவை" என்றேன். அந்தியேட்டி நாளன்று, இந்த முறை அவரவர் புலம்பலை அவரவரே வாசிப்பது என்று சபைக்கு அறிவித்தேன். மறுத்தால் செத்தவருக்குச் செய்த அவமரியாதை. மச்சாள் மறுக்க முடியாது.

அறிவித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மயங்கி விழுந்தால்? நெஞ்சு வலித்தால்? ஒரே முற்றத்தில் இரண்டு செத்தவீடா? ஓடிப்போய் மச்சாளுக்குப் பின்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். பழி வாங்குகிறவனுக்கு இருக்கவேண்டிய துணிவு எனக்கில்லை.

மச்சாள் எழும்பினார். நூல் கட்டிய கண்ணாடியை மாட்டினார். கரண்ட் இல்லாத ஊர், ஒலிபெருக்கி இல்லை, குழந்தைகளும் பேசவில்லை. முதல் பாட்டை வாசித்தார். கடைசி அடிக்கு வந்தார். நான் முன்னால் சரிந்து இருந்தேன்.

"ஞாழலே."

அவ்வளவு சுத்தம். ஞாவில் மூக்கு, ழவில் மடிந்த நாக்கு. எங்கள் புலவருக்கும் அப்படி வராது. எனக்கும் வராது. அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு, எல்லாவற்றிலும் அப்படியே. சபையில் யாரோ, "அட, மச்சாளுக்கு என்ன வடிவாய் வருது" என்றார்கள். முன்வீட்டு மருமகள்தான் எழும்பி நின்றார். மகள் ஞாழலைக் கையில் பிடித்திருந்தார்.

"அப்ப இவ்வளவு காலமும், பெரியம்மா?"

மச்சாள் தாளை இறக்கினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு மிச்சத்தை வாசித்து முடித்தார்.

சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு மச்சாள் குசினிக்குள் தனிய நின்றார். நான் போனேன். என்னிடம் ஒரு பகிடியும் இருக்கவில்லை.

"எப்ப மச்சாள் பழகினனீங்கள்?"

"பழகேல்லைத் தம்பி. கலியாணத்தண்டே வந்தது."

"அப்ப ஏன்?"

"அண்டைக்குப் பகிடிக்குச் சொன்னன். பிறகு அந்தப் பேரைச் சொல்லியிருந்தால் வீடு அவவின்ரை எண்டு ஆகியிருக்கும். நான் எரிஞ்ச வீட்டிலையிருந்து வந்தனான். எனக்குத் தம்பியின்ரை வீடு ஒண்டு வேணும்."

இதை நான் விளங்கிக்கொண்டேன். இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இன்னொன்றைக் கேட்கவேண்டியிருந்தது.

"பொம்மர் வந்த அண்டைக்கு?"

மச்சாள் அடுப்படியில் குந்தினார். அடுப்புச் சாம்பலைக் கிளறினார்.

"அண்டைக்கு வாயிலை வந்து நிண்டது. விழுங்கிப்போட்டன்."

இதை மச்சாள் குசினிக்குள் வைத்து, எனக்கு மட்டும் கேட்க, மெல்லமாகச் சொன்னார். நான் அச்சில் போடுகிறேன். போடாதே, பாவம், வயது போன மனுசி, அகதியாய் வந்தவர் என்று சொந்தங்கள் சிலர் வந்து கேட்டார்கள். சரியோ பிழையோ என்று நானும் தடுமாறினேன். எழுதிய தாளை அத்தானிடம் கொடுத்தேன். உங்களைத் தாயாய் நின்று வளர்த்தவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், வேண்டாமென்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். அத்தான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். மச்சாளின் கடைசிப் பதில் இருந்த இடத்தை இரண்டாம் முறையும் வாசித்தார்.

"ஒரு எழுத்தும் குறையாமல் போடும்" என்றார்.

ஆகவே அச்சுக்காரருக்கு நன்றி. தாள் தேடித் தந்த பள்ளிக்கூடத்து நண்பருக்கு நன்றி. ஆஸ்பத்திரிக்கு அக்காவைச் சைக்கிளில் ஏற்றிச் சென்ற அயலவர்களுக்கும், இரவு பகல் பார்த்த தாதிமாருக்கும் நன்றி. பாடையைத் தூக்கிய தோள்களுக்கும், சாம்பல் கரைக்கக் கடற்கரைக்குக் கூட வந்தவர்களுக்கும் நன்றி. மாமிமாரை எதிர்த்துப் பிள்ளைக்குப் பெயர் வைத்த மருமக்கள் எல்லாருக்கும், பல்லில்லாமலும் அதைச் சொல்லப் பழகிய மாமிமாருக்கும் அக்காவின் சார்பில் தனி நன்றி.

மச்சாள் இன்றும் அக்காவின் வீட்டில்தான் இருக்கிறார். இருக்கட்டும். சாகும்வரை இருக்கட்டும், சோற்றுக்கும் குறைவில்லை. இன்று மத்தியானம் எல்லாரும் அங்கே சாப்பிட வரவேண்டும். வாசலில் மச்சாள் நின்று உங்களை வரவேற்பார். உள்ளே வருவதற்கு முன் ஒவ்வொருவரும் அவரிடம், "இது ஆரின்ரை வீடு?" என்று கேளுங்கள். அவர் அக்காவின் பெயரைச் சொன்ன பிறகு செருப்பைக் கழற்றுங்கள். சொல்லாவிட்டால் படலையிலேயே நில்லுங்கள். சோறு ஆறினால் ஆறட்டும்.

அக்காவின் தம்பி